மஞ்சள் விளக்குக்கு விழுந்த ஏலம்

வால்வு ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்து அமீர் ஜானுக்கு அலுத்துப்போயிருந்த சமயத்தில்தான் ஏரிக்கு அந்தக் கரையிலிருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துத் தேசப்பன் அவன் கடைக்கு வந்து சேர்ந்தார். எண்பத்து நாலாம் வருஷம். பழவேற்காடு கடைத்தெருவில் ரேடியோ, டேப் ரிக்கார்டர், கல்யாண வீட்டு மைக்செட் எல்லாவற்றுக்கும் அமீர் ஜான் ஒருத்தன்தான். மெட்ராஸ் போகும்போதெல்லாம் ரிச்சி தெருவில் நாலைந்து ஐ.சி. சில்லுகளை வாங்கி வந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பான். கறுப்பாக, இரண்டு பக்கமும் கால் முளைத்து, மரவட்டை மாதிரி இருக்கும் அவற்றை வைத்து எதையாவது செய்துவிட வேண்டும் என்று அவனுக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. ஊரில்தான் யாருக்கும் அப்படி ஒரு தேவை வரவில்லை.

தேசப்பனுக்கு வந்தது. குப்பத்தில் கரையேறும் மீனை ஏலம் கூறுகிறவர் அவர். முன்பெல்லாம் விலையை ஏற்றிக்கொண்டே போய் ஏலம் விடுவார். அதில் பேச்சு வளர்ந்து மீன் வெயிலில் வதங்கியதால், அவரே வேறு வழி கண்டுபிடித்திருந்தார். உச்ச விலையில் ஆரம்பித்து இறக்கிக்கொண்டே வருவார். யார் முதலில் "எனக்கு" என்கிறார்களோ அவர்களுக்கு அந்தக் குவியல். ஒரே மூச்சில் முடிந்துவிடும் என்று நினைத்தார். ஆனால் குப்பத்தில் பெரிய வியாபாரிகள் இரண்டு பேர். பொன்னேரி மார்க்கெட்டில் கடை போட்டிருந்த பச்சையம்மா ஒருத்தி. எளாவூரிலிருந்து ஐஸ் வேனோடு வரும் உலகநாதன் இன்னொருத்தர். பச்சையம்மா குரல் கொடுத்தால் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும். உலகநாதன் மெல்லப் பேசுகிறவர். ஆனால் பச்சையம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் தான் சொல்லிவிட்டதாகச் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்வார். தினமும் இதே சண்டை. தேசப்பனுக்கு இரண்டு காதிலும் இரைச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"பாய், யாரு மொதல்ல சொன்னாங்கன்னு காட்றதுக்கு மெஷின் ஒண்ணு வோணும். அது சொன்னா சொன்னதுதான். அப்பால ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

அமீர் ஜான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தான்.

அவன் மனைவி மஸூதா அன்று மத்தியானமே எச்சரித்தாள். மீன் வியாபாரிகள் சண்டைக்குள் ஐ.சி.யைக் கொண்டுபோய் நுழைக்க வேண்டாம், இரண்டு பேரும் சேர்ந்து நம்மைப் பிடித்துக்கொள்வார்கள் என்றாள். அவள் வாப்பா ஒரு காலத்தில் கருவாட்டு வியாபாரம் செய்தவர். வியாபாரிகளைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஐ.சி.க்களைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று அமீர் ஜான் பதில் சொன்னான்.

முழுக்க முழுக்கத் தன் சொந்தப் புத்தியில் முதல் பெட்டியைச் செய்தான். உள்ளே ஒரு ஐ.சி. வெளியே ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. ஆளுக்கொரு பட்டன், நீளமான ஒயரில். லாரி பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைத்து ஐ.சி.க்குக் கொடுத்தான். அதுவரைக்கும் சரி. பட்டன் ஒயரைப் பார்த்தபோது அவனுக்கு ஒரு கவலை வந்தது. மணலில் அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வருவதற்குள் ஐந்து வோல்ட் மயக்கம் போட்டு விழுந்துவிடாதா? எனவே பட்டன்களுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து நேராகப் பன்னிரண்டைக் கொடுத்துவிட்டான். தெம்பாகப் போகட்டும் என்று.

ஏலக் கொட்டகையில் பெட்டியை வைத்த காலையில் குப்பமே வந்து நின்றது. தேசப்பன் ஒரு இறால் குவியலை வைத்து விலையை இறக்க ஆரம்பித்தார். பச்சையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டனை அமுக்கினாள். பெட்டிக்குள் டப்பென்று சிறு சத்தம். இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தன, சேர்ந்தே அணைந்தன. பெட்டியின் ஓட்டை வழியாகப் புகை கொஞ்சமாக எட்டிப் பார்த்தது.

"நான் மெதுவாத்தான்யா அமுக்குனேன்" என்றாள் பச்சையம்மா.

யாரும் நம்பவில்லை. பனங்காய் மாதிரிக் கையை வைத்துக்கொண்டு மெதுவாக அமுக்கினாளாம் என்று உலகநாதன் சிரித்தார். குற்றம் தன்னுடையது என்று அமீர் ஜான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஐ.சி. எத்தனை வோல்ட்டில் ஓடுகிறதோ அதற்கு மேல் அதன் எந்தக் காலிலும் கொடுக்கக் கூடாது. ஐந்து வோல்ட் சாப்பிடுகிற சாமானின் காதில் பன்னிரண்டு வோல்ட்டைத் தானே ஊற்றிவிட்டதாக விளக்கினான். பச்சையம்மாவே அவனை நம்பவில்லை. தன் மனசு நோகக் கூடாதென்று பாய் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்து, அவனுக்கு ஒரு பெரிய மடவை மீனைக் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு எந்தப் பட்டனைத் தொடுவதானாலும் சுண்டுவிரல் நுனியால்தான் தொட்டாள்.

சொந்தப் புத்தி இனி வேண்டாம் என்று அமீர் ஜான் முடிவெடுத்தான். மெட்ராஸ் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு பத்திரிகையில், கல்லூரி வினாடி வினாப் போட்டிக்கு இரண்டு பேர் பட்டன் அமுக்கும் சர்க்யூட் ஒன்று இருந்தது. அதை வரிக்கு வரி பார்த்துச் செய்தான். இதில் பட்டன் எந்த வோல்ட்டையும் உள்ளே அனுப்பாது. ஐ.சி.யின் கால் சும்மா இருக்கும்போது ஒரு ரெசிஸ்டர் அதை ஐந்து வோல்ட்டில் மேலே பிடித்து வைத்திருக்கும். பட்டனை அமுக்கினால் கால் கீழே இறங்கும், விளக்கு எரியும். எது முதலில் எரிகிறதோ அது மற்ற விளக்குகளை எரியவிடாது. தேசப்பன் திரும்ப ஸ்விட்ச் போட்டால்தான் அணையும்.

எல்லாம் சரியாக வந்தது. ஆனால் அந்த ஐ.சி.க்குள் நாலு பேருக்கு இடம் இருந்தது. இடத்தைச் சும்மா விட அமீர் ஜானுக்கு மனம் வரவில்லை. நாளைக்கே மூன்றாவதாக ஒரு வியாபாரி வந்தால்? முன்யோசனையாக மஞ்சள் விளக்கு ஒன்றை வைத்தான். பட்டன் இன்னும் இல்லை. ஒரு முழ ஒயரை மட்டும் வெளியே நீட்டி விட்டான். பட்டனே இல்லாத இடத்துக்கு ரெசிஸ்டர் எதற்கு? அதைச் சேமித்துக்கொண்டான்.

இரண்டாவது பெட்டி முதல் நாள் காலையில் பிரமாதமாக வேலை செய்தது. சிவப்பு எரிந்தால் பச்சையம்மா, பச்சை எரிந்தால் உலகநாதன். பச்சையம்மாவுக்குப் பச்சையைத்தானே கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது, அவ்வளவுதான். தேசப்பன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஒரு குவியல் காரப்பொடியை நடுவில் தள்ளச் சொன்னார். கையளவுகூட இல்லாத, முள்ளும் வெள்ளிமினுக்கும் தவிர வேறொன்றும் இல்லாத மீன். உச்ச விலையைக் கூறிவிட்டு, மீனைக் காட்டுவதற்காகப் பெட்டிக்கு மேலாகக் கையை வீசினார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

யார் மஞ்சள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. பெட்டி தவறாகக் காட்டுகிறது, மறுபடி கூறுங்கள் என்று அமீர் ஜான் முன்னால் வந்தான். பச்சையம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"வெளக்கு சொன்னா சொன்னதுதான்னு சொன்னது யாரு? இன்னிக்கு இதுக்கு மறுபடி கூறுனா, நாளிக்கு என் வெளக்கு எரியறப்போ அந்தாளு மறுபடி கூறும்பாரு."

உலகநாதனும் அதையே சொன்னார். பல வருஷங்களில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. தேசப்பன் தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டு தாடையைத் தடவினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். மஞ்சளுக்கு ஆள் இல்லை, சரி. ஆனால் பெட்டிக்கு ஆள் இருக்கிறது. எனவே மீன் பெட்டிக்காரருக்கு. விலையை, பெட்டிக்காகக் குப்பம் தரவேண்டிய கூலியில் கழித்துக்கொள்ளலாம்.

அமீர் ஜான் இரண்டு கூடை காரப்பொடியோடு தோணியில் ஏறி ஏரியைத் தாண்டி வீட்டுக்கு வந்தான். மஸூதா கூடைகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாளும் மஞ்சள் எரிந்தது. அதற்கு மறுநாளும். எப்போது எரியும் என்று சொல்ல முடியவில்லை. தேசப்பன் குனிந்தால் எரிந்தது. கொட்டகை டியூப்லைட் கண் சிமிட்டினால் எரிந்தது. ஒருமுறை நாய் ஒன்று பெட்டியின் ஓரமாக உடம்பைத் தேய்த்துக்கொண்டு போனபோது எரிந்து, அந்த நாயின் பெயரில் ஒரு கூடை கெளுத்தி வந்து சேர்ந்தது. அமீர் ஜானின் கூலி கரைந்து, இப்போது அவன்தான் குப்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிற நிலைமை. ஐ.சி.யை இரண்டு முறை மாற்றினான். புது ஐ.சி.யும் அதையே செய்தது. கடையில் ரேடியோ ரிப்பேருக்கு வந்தவர்கள் காரப்பொடி வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார்கள்.

குழம்பு, வறுவல், அவியல் என்று செய்து பார்த்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, அவர்களும் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்த பிறகு, மஸூதா மீதியை உப்புப் போட்டு மொட்டைமாடியில் காய வைத்தாள். கருவாடு போடும் பக்குவம் வாப்பா வீட்டில் பார்த்துப் பார்த்துக் கையில் ஊறியிருந்தது. சொந்தக்காரர் ஒருத்தர் வழியாக அதைப் பொன்னேரிக்கு அனுப்பினாள். சாக்கு காலியாகித் திரும்பி வந்தது. இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். அதை அவள் கணவனிடம் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அமீர் ஜான் பேட்டரியோடு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துத் திறந்தான். ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பிட்டு, பாயில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தான். மஸூதா உப்பு ஜாடியை எடுப்பதற்காக அவனைத் தாண்டிக் கையை நீட்டினாள். மஞ்சள் எரிந்தது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவன் ஸ்விட்சைப் போட்டு அணைத்தான். அவள் மறுபடி நீட்டினாள். மறுபடி எரிந்தது.

"மீன் வாடைக்கு எரியுதுங்க இது" என்றாள் மஸூதா.

விளக்குக்கு மூக்கு கிடையாது என்றான் அமீர் ஜான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து நீட்டினாள். எரிந்தது. அவனை நீட்டச் சொன்னாள். அதற்கும் எரிந்தது. உள்ளே போய் ஒரு மரக்கரண்டியைக் கொண்டுவந்து அதன் நுனியை மட்டும் கிட்டே கொண்டுபோனாள். எரியவில்லை. அவளுக்கு இப்போது சுவாரசியம் பிடித்துவிட்டது. சிவப்பு ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோனாள், பச்சை ஒயரை இரண்டு விரலால் பிடித்தே பார்த்தாள். அவை அசைந்துகொடுக்கவில்லை.

"அது ரெண்டும் கம்முனு கெடக்குது. இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு இந்தப் பதட்டம்? இத வேற மாதிரி கட்னீங்களா?"

"இத எதுலயும் கட்டலியே" என்றான் அமீர் ஜான்.

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. சிவப்பின் காலையும் பச்சையின் காலையும் ரெசிஸ்டர் ஐந்து வோல்ட்டோடு கட்டிப் பிடித்திருக்கிறது. மஞ்சளின் கால் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கட்டாத தோணி மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. கை கிட்டே வந்தாலும், டியூப்லைட் இரைந்தாலும், நாய் உரசினாலும் அந்தப் பக்கமாக ஒதுங்கிப்போகிறது. பட்டனுக்குத் துணையாகத்தான் ரெசிஸ்டர் என்று அவன் நினைத்திருந்தான். பட்டன் இல்லாத காலுக்குத்தான் அது இன்னும் அவசியமாக வேண்டியிருந்தது. சேமித்த அந்த ரெசிஸ்டர் அரைக் கட்டைவிரல் நகம் அளவுகூட இருக்காது. அதை மிச்சம் பிடித்து எத்தனை கூடை காரப்பொடி வாங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. மஸூதா சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மஞ்சளின் காலுக்கும் ஐந்து வோல்ட்டுக்கும் நடுவே பற்றவைத்தான். விளக்கே வைக்காத நாலாவது இடத்தையும் விடாமல் அதே மாதிரிக் கட்டினான். மஸூதா கையை வீசினாள், முந்தானையை வீசினாள், கடைசியில் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். மஞ்சள் எரியவில்லை.

சனிக்கிழமை ஏலத்தில் மஞ்சள் எரியாததைப் பார்த்துத் தேசப்பன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தச் சந்தோஷம் முதல் குவியல் வரைக்கும்தான் இருந்தது. நல்ல இறால். அவர் விலையை இறக்கினார். பச்சையம்மா சுண்டுவிரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். இன்னும் இறக்கினார். உலகநாதன் ஆகாயத்தைப் பார்த்தார். இறக்கி இறக்கி, வலை போட்டவன் வயிற்றில் அடித்துக்கொள்ளும் விலைக்கு வந்த பிறகு பச்சை விளக்கு சாவகாசமாக எரிந்தது. அடுத்த குவியலுக்கு அதேபோலச் சிவப்பு.

நாலு நாள் இப்படியே போன பிறகு தேசப்பனுக்கு விஷயம் புரிந்தது. மஞ்சள் விளக்கு தானாக எரிந்தவரைக்கும் இரண்டு பேருக்கும் பயம் இருந்தது. தாமதித்தால் ஆளில்லாத அந்த விளக்கு மீனைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் மேல் விலையிலேயே அவசரப்பட்டு அமுக்கினார்கள். இப்போது அந்தப் பயம் இல்லை. கத்தவும் தேவையில்லை என்பதால் சண்டையும் இல்லை. சண்டை போன இடத்தில் சிநேகம் வந்துவிட்டது. இது உனக்கு, அது எனக்கு என்று இருவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். உலகநாதன் தன் வேனிலிருந்து பச்சையம்மாவுக்கு ஐஸ்கூடக் கொடுத்தார்.

தேசப்பன் நாலைந்து மீனவர்களோடு கடைக்கு வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அந்த மஞ்ச வெளக்க மறுபடியும் கெடுத்துக் குடுத்துடு பாய்."

அமீர் ஜானுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கெட்டுப்போனதைச் சரிசெய்யத் தெரிந்த எனக்குச் சரியானதைக் கெடுக்கத் தெரியாது என்றான். அதில் உண்மை பாதிதான். ரெசிஸ்டரின் ஒரு முனையைச் சூடு காட்டிக் கழற்றினால் போதும். ஆனால் தெரியாமல் எரிந்த விளக்கு வேறு, தெரிந்து எரியவிடும் விளக்கு வேறு. அது பச்சையம்மாவையும் உலகநாதனையும் ஏமாற்றுவது என்று அவனுக்குப் பட்டது. அதோடு, எரிகிற ஒவ்வொரு முறையும் மீன் தன் வீட்டுக்குத்தான் வரும் என்பதும் ஞாபகம் வந்தது. தேசப்பனும் மற்றவர்களும் தொங்கின முகத்தோடு திரும்பிப் போனார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை என்பதுதான் அவனை உறுத்தியது.

வீட்டில் நடந்ததைச் சொன்னான். மஸூதா கருவாட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்த மஞ்சளுக்கு ஒரு பட்டன் வெச்சா, கம்பி எவ்ளோ தூரம் போவும்?"

எவ்வளவு வேண்டுமானாலும் போகும், ஆனால் நீளம் கூடக்கூட வேண்டாத இரைச்சலையும் இழுத்துவரும், அதற்கு ரெசிஸ்டரைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே போனவன், நடுவில் நிறுத்தி, எதற்குக் கேட்கிறாய் என்றான்.

"தோணி வரிக்கும் வருமா?"

அவள் யோசித்து வைத்திருந்தாள். பொன்னேரியில் கருவாடு கேட்கிறார்கள். மீன் வேண்டும். ஆனால் அத்தனை ஆண்களுக்கு நடுவில் கொட்டகையில் போய் நிற்பதற்கு அவளுக்கு இஷ்டமில்லை. ஏலத்தில் இனி கத்த வேண்டியதில்லை, விரல் இருந்தால் போதும் என்று அவன்தானே ஆக்கி வைத்திருக்கிறான்? அமீர் ஜான் ஒயர்ச் சுருளை எடுத்து நீளம் அளக்க ஆரம்பித்தான். சட்டப்படி பார்த்தால் மஞ்சள் விளக்கு ஏற்கெனவே அவர்கள் வீட்டுடையதாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கொட்டகைக்குப் பின்னால், ஏரிப் பக்கத்துக் கரையில், தோணிக்காரர் பெருமாள் தோணியைக் கட்டினார். மஸூதா தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டு, குடையை விரித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். மணலில் ஓடிவந்த ஒயரின் முனையில் அவள் மடியில் பட்டன் இருந்தது. தேசப்பன் குரல் அங்கே நன்றாகவே கேட்டது.

ஏலம் ஆரம்பித்தது. பச்சையம்மாவும் உலகநாதனும் வழக்கம்போலச் சாவகாசமாக நின்றார்கள். விலை இரண்டு படிதான் இறங்கியிருக்கும். மஞ்சள் பளிச்சென்று எரிந்தது.

"பாய், பொட்டி திரும்ப கெட்டுப்போச்சு நைனா" என்றார் உலகநாதன், கொஞ்சம் பரிதாபத்தோடு.

கெடவில்லை என்று சொல்லி அமீர் ஜான் கரைப் பக்கம் கையைக் காட்டினான். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குடை லேசாக அசைந்தது. பச்சையம்மா நெற்றிக்கு மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுண்டுவிரலை எடுத்துவிட்டுக் கட்டைவிரலைப் பட்டன் மேல் அழுத்தமாக வைத்துக்கொண்டாள். அடுத்த குவியலுக்குத் தேசப்பன் உச்ச விலையைச் சொல்லி வாயை மூடுவதற்குள் சிவப்பு எரிந்தது. அதற்கு அடுத்ததில் பச்சை. மீனவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தேசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்று முழுக்க நல்ல குரலில் ஏலம் கூறினார்.

ஏலம் முடிந்ததும் அமீர் ஜான், மஸூதா எடுத்த மீனைக் கூடையில் வாரித் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கித் தோணிக்கு வந்தான். கனம் கழுத்தை அமுக்கியது. கூடையைத் தோணிக்குள் இறக்கியபோது, உள்ளே அகலமாக, வால் நீட்டிக்கொண்டு, முறம் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன திருக்கைகள்.

மஸூதா குடையை மடக்கிவிட்டுக் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இறால்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

"திருக்கைன்னு ரெண்டு வாட்டி கத்துனாரே தேசப்பன்."

"வெலயத்தான் கேட்டேன். மீன எங்க கேட்டேன்" என்று ஒத்துக்கொண்டாள். பிறகு ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். சதைப்பற்றாகத்தான் இருந்தது. கீறி உப்புப் போட்டால் நன்றாகவே நிற்கும் என்றாள். ஆனால் நாளையிலிருந்து தோணியைக் கொட்டகை தெரிகிற மாதிரி இன்னும் கொஞ்சம் முன்னால் கட்ட வேண்டும் என்று பெருமாளிடம் சொன்னாள். பெருமாள் கழியை ஊன்றித் தள்ளினார். அமீர் ஜான் கரையில் கிடந்த ஒயரை வேகவேகமாகச் சுருட்டிக்கொண்டு, நகர ஆரம்பித்த தோணியில் தாவி ஏறினான்.